அரிசிக்கு இலக்கம் போடுகிறவர்கள்

(கீழக்குயில்குடியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், கேட்டவுடன் ஆபீஸ் குமாஸ்தாக்களின் சமாச்சாரம் போலத் தோன்றும். உணவுப் பொருள்களை எப்படி வகை பிரிக்கிறார்கள், எப்படிப் பட்டியல் போடுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன இலக்கம் கொடுக்கிறார்கள் என்பதே விஷயம். நோட்டீசைப் பார்த்த ஒரு தோழர், "நம் கூலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். சம்பந்தம் நிறைய உண்டு. மில்லில் வாங்கும் பஞ்சப்படிக்கு உண்டு. ரேஷன் கடையில் விழுகிற அரிசிக்கு உண்டு. களத்தில் குவிந்து கிடக்கிற நெல்லுக்கும் உண்டு.

வகை பிரிப்பது சர்க்கார் கண்டுபிடித்த வித்தை அல்ல. நம் வீட்டுத் தாய்மார்கள் சுளகை எடுத்து நாலு தட்டுத் தட்டினால் முழு அரிசி ஒரு பக்கம், குருணை ஒரு பக்கம், நொய் ஒரு பக்கம், தவிடும் உமியும் வேறு பக்கம் என்று பிரிந்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, உபயோகம் உண்டு. மில் தோழர்களுக்கு நூல் நம்பரைப் பற்றி நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு பவுண்டு நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டம் எத்தனை அடங்குகிறதோ அதுவே அந்த நூலின் நம்பர். 40 சிட்டம் அடங்கினால் 40-ஆம் நம்பர், 60 அடங்கினால் 60-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஸ்பின்னிங்கில் நிற்கிறவரும், நூல் வாங்குகிற நெசவாளியும், முதலாளியும் ஒரே தராசையும் ஒரே கஜத்தையும் வைத்து அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். யார் அளந்தாலும் ஒரே விடை வரும். வகைப் பட்டியல் என்றால் இப்படி இருக்கவேண்டும். சோற்று விஷயத்தில் அப்படி இருக்கிறதா என்று பார்ப்போம்.

குருணையின் கதை

உலக வர்த்தகத்தில் நடமாடுகிற சரக்குகள் அனைத்துக்கும் ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் உள்ள உலகச் சுங்க ஸ்தாபனம் அதைப் பராமரிக்கிறது. 1983-ல் ஒப்பந்தமாகி, 1988 ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்த பட்டியல் அது. அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்க எண் கொடுத்திருக்கிறார்கள். இந்தியா அதனுடன் இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக வைத்திருக்கிறது. சுங்க வரியும், 2017 ஜூலை 1 முதல் வந்த ஜி.எஸ்.டி. வரியும் இந்த இலக்கங்களைப் பிடித்துக்கொண்டுதான் போடப்படுகின்றன.

தானியங்கள் பத்தாவது அத்தியாயம். அரிசிக்கு 1006. அதில் நெல் 1006 10; உமி மட்டும் நீக்கிய அரிசி 1006 20; தீட்டிய அரிசி 1006 30; உடைந்த அரிசி, அதாவது நம் குருணை, 1006 40. சோளத்துக்கு 1007. கம்பும் கேழ்வரகும் தினையும் 1008-ல் வருகின்றன. அந்தத் தலைப்பில் அவற்றுடன் கூடவே கூண்டுப் பறவைக்குப் போடுகிற ஒரு விதையையும் சேர்த்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நம்மை வாழவைத்த கூழுக்குப் பக்கத்தில் பறவைத் தீனி! பட்டியல் போட்டவர்கள் எந்தச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து போட்டார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

சரி, இந்த இலக்கத்தினால் என்ன ஆகிறது? 2022 செப்டம்பரில் இந்திய சர்க்கார் 1006 40-ஐ ஏற்றுமதி செய்யக்கூடாது என்று தடை போட்டது. அந்தக் குருணையைப் பெருமளவில் வாங்கி வந்தது சீனா; அங்கே அது கால்நடைத் தீவனத்துக்குப் போனது. தடைக்கு சர்க்கார் சொன்ன காரணம் என்ன தெரியுமா? ஏழை வீட்டுக் கஞ்சிக்குக் குருணை கிடைக்கவில்லை என்றா? இல்லை. இங்குள்ள கோழிப் பண்ணைகளுக்கும், எத்தனால் எரிசாராய ஆலைகளுக்கும் குருணை தட்டுப்படுகிறது என்பது முக்கியமான காரணம். நம் சுளகில் குருணை உணவு. அவர்கள் கணக்குப் புத்தகத்தில் அது தீவனம், அல்லது மோட்டார் வண்டிக்கு ஊற்றும் எரிபொருளின் மூலப்பொருள். தடை 2025 மார்ச்சில் நீங்கியது.

எத்தனாலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 2025 ஜனவரியில் இந்திய உணவுக் கழகத்தின் அரிசியை எத்தனால் ஆலைகளுக்கு விற்கும் விலையைக் குவிண்டாலுக்கு 2,250 ரூபாய் என்று குறைத்தார்கள். அந்தப் பருவத்தில் சாதாரண நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதார விலை 2,300 ரூபாய். உமியோடு இருக்கிற நெல்லைவிட, குத்தித் தீட்டிய அரிசி மலிவு! எந்த ஊர் வியாபாரியும் செய்யத் துணியாத வியாபாரம் இது. வித்தியாசத்தை ஏற்பது பொதுப் பணம், லாபம் ஆலை முதலாளிக்கு.

இலக்கத்தை மாற்றிப் போட்டுச் சரக்கைக் கடத்துவதும் உண்டு. 2023 ஜூலை 20-ஆம் தேதி பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்டில், மத்திய சர்க்காரே ஓர் அறிக்கை விட்டது: தடை செய்யப்பட்ட வெள்ளை அரிசி, புழுங்கலரிசியின் இலக்கத்திலும் பாசுமதியின் இலக்கத்திலும் வெளிநாடு போய்க்கொண்டிருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது என்று அதில் சொன்னார்கள். அதைத் தடுக்க, டன்னுக்கு 1,200 டாலருக்குக் குறைந்த பாசுமதி ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தார்கள். கப்பலேற்றுகிறவனுக்குச் சாக்கின் மேல் இருக்கும் எண் ஒரு சட்டை மாதிரி. வேண்டும்போது கழற்றி மாட்டிக்கொள்வான். அவனை எந்த வகையிலும் நிரந்தரமாகக் கட்டிப்போட முடிவதில்லை. நம்மையோ போட்ட வகை விடுவதே இல்லை.

இந்த ஊருக்குத் தெரியும்

வகை போடுவதைப் பற்றி இந்த ஊரில் நின்று பேசும்போது ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. வெள்ளைக்காரன் ஆட்சியில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைச் சீமையில் முதலில் எங்கே பாய்ச்சினான்? 1914-ல் இந்தக் கீழக்குயில்குடிக் கள்ளர் மக்கள் மேலேதான். உழுதவன், காவல் காத்தவன், ஒரு தப்பும் அறியாத பச்சைப் பிள்ளை எல்லாரையும் ஒரே பேரேட்டில் ஒரே வகையில் எழுதினான். கைரேகை வாங்கினான், இராத்திரி வெளியே போக ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும் என்றான். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த ஜனங்கள் மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் உள்பட 16 பேர் மாண்டார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஒரு மனிதனை அவனுடைய செய்கையைப் பார்க்காமல் ஒரு கட்டத்துக்குள் எழுதிவைத்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர்ப் பெரியவர்களுக்குப் புத்தகம் படித்துத் தெரியவேண்டியதில்லை.

அதே போன்ற கொடுமை ரேஷன் அட்டையில் நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அங்கும் பேரேடுதான் பேசுகிறது. 1997-ல் மத்திய சர்க்கார், வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று ஜனங்களை இரண்டாகப் பிரித்து, கீழே உள்ளவர்களுக்கு மட்டும் மலிவு தானியம் என்று கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்தக் கோட்டைப் போடவிடவில்லை. எல்லோருக்கும் ரேஷன் என்ற ஏற்பாடு நின்றது. இடையில் 2003 வாக்கில், மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களின் அட்டையில் 'ஹெச்' முத்திரை குத்தி, 'கௌரவ அட்டை' என்று பெயர் சூட்டினார்கள். கௌரவம் என்ன கௌரவம்? அரிசி கிடையாது என்பதற்கு அது மரியாதையான பெயர். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஜனங்கள் கொடுத்த அடியில் முத்திரை தானாக அழிந்தது.

2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் அமலாயிற்று. அதன்படி அட்டையின் முன்பக்கத்தில் ஒரு குறியெழுத்து அச்சாகியிருக்கும். பி.ஹெச்.ஹெச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதனுடன் ஏ.ஏ.ஒய். சேர்ந்திருந்தால் அந்த்யோதயா குடும்பம், மாதம் 35 கிலோ அரிசி. என்.பி.ஹெச்.ஹெச். என்றால் முன்னுரிமை இல்லாத குடும்பம். ஆனாலும் நம் மாநிலத்தில் அரிசி உண்டு. கடைசியில் எஸ். என்று இருந்தால் அரிசிக்குப் பதில் சர்க்கரை. என்.சி. என்று இருந்தால் எந்தப் பொருளும் இல்லை.

கிராமத்தில் 62.55 சதவிகிதம், நகரத்தில் 37.79 சதவிகிதம் பேர்தான் தமிழ்நாட்டில் முன்னுரிமை வகையில் வரலாம் என்பது மத்திய சர்க்கார் போட்ட உச்சவரம்பு. அதுவும் 2011 ஜனத்தொகைக் கணக்கை வைத்து. அதற்குப் பின் பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிற பிள்ளைகள் அந்த வரம்புக் கணக்கில் சேராதவர்கள். முன்னுரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்ட குடும்பங்களின் அரிசிக்கு மாநில சர்க்கார் தன் பணத்தைப் போடுகிறது. நாளைக்கு நிதி நெருக்கடி என்று எவராவது கை வைத்தால், முதலில் கை வைக்கிற இடம் அந்த 'என்' எழுத்துத்தான். ஆகவே, "அரிசிதான் கிடைக்கிறதே, எழுத்து எதுவாக இருந்தால் என்ன?" என்று அலட்சியமாக இருப்பது தப்பு. கூலி வேலைக்குப் போகிற குடும்பம் 'என்' வகையில் இருந்தால் இப்போதே மனுக் கொடுக்கவேண்டும்.

ஈரப்பதமானி யார் கையில்?

நெல்லுக்கு வருவோம். கொள்முதலில் நெல் இரண்டே வகை: 'ஏ' ரகம், சாதாரண ரகம். அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 2.5-ம் அதற்கு மேலும் வந்தால் 'ஏ' ரகம், குறைந்தால் சாதாரணம். 2025-26 பருவத்துக்கு மத்திய சர்க்காரின் விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், 'ஏ' ரகத்துக்கு 2,389 ரூபாய். மாநில ஊக்கத்தொகை சேர்ந்து 2,500-ம் 2,545-ம் ஆயிற்று. கல், மண் 1 சதவிகிதம். பழுது, நிறம் மாறியது, முளைத்தது எல்லாம் சேர்ந்து 5 சதவிகிதம். முதிராத பதர் நெல் 3 சதவிகிதம். ஈரம் 17 சதவிகிதம். இதற்கு மேல் போகக்கூடாது.

இந்த எண்களில் தனித்தனியாகக் குற்றம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஈர நெல்லைக் கட்டிவைத்தால் முளைக்கும், புழுக்கும். பிறகு அதே அரிசி நம் ரேஷன் கடைக்குத்தான் வரும். ஆனால் 17 என்ற கோட்டைப் பஞ்சாபின் காய்ந்த காற்றுக்கும், ஐப்பசி மழையில் அறுக்கிற நம் நெல்லுக்கும் ஒன்றாகப் போட்டால் அது நியாயமான அளவுகோலா? மழை பெய்த வருஷங்களில் மாநிலம் டில்லிக்குக் காகிதம் எழுதி, அங்கிருந்து குழு வந்து பார்த்து, பிறகு தளர்த்தினால் தளர்த்துவார்கள். அதற்குள் நெல் சாலையோரத்தில் கிடந்து முளைவிடுகிறது. குத்தகை விவசாயி தனியார் வியாபாரியிடம் கேட்ட விலைக்குத் தள்ளுகிறான். அவன் நஷ்டப்பட்டால் அறுப்புக் கூலியில் அந்த நஷ்டம் இறங்கும். இது விவசாயத் தொழிலாளர்களுக்கு அனுபவப் பாடம்.

இன்னொன்று. நூல் நம்பரை யாரும் அளக்கலாம் என்றோம். ஈரப்பதமானியில் வருகிற எண்ணை யார் பார்க்கிறார்கள்? நாங்கள் போயிருந்த ஒரு கொள்முதல் நிலையத்தில் கருவி எழுத்தர் பக்கம் திரும்பியிருந்தது. "19" என்று அவர் வாயால் சொன்னதே தீர்ப்பு. கருவியை இந்தப் பக்கம் திருப்புங்கள் என்று நாலு பேர் சேர்ந்து கேட்டபின் திருப்பினார்கள். அன்று மட்டுமல்ல, மறுநாளும் அது விவசாயிகள் பக்கமே திரும்பியிருந்ததாகத் தோழர்கள் சொன்னார்கள். மேஜை மேல் ஒரு கருவியை அரை வட்டம் திருப்புவது சின்ன வேலைதான். அதற்கும் ஸ்தாபன பலம் வேண்டியிருக்கிறது.

பஞ்சப்படிக்குள் ஒளிந்திருக்கும் கூடை

மில் தோழர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகக் கேட்கவேண்டும். பஞ்சப்படி, விலைவாசிக் குறியீட்டெண்ணை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த எண்ணைச் சிம்லாவிலுள்ள தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் மாதந்தோறும் வெளியிடுகிறது. மதுரையும் அதற்கு விலை சேகரிக்கிற மையங்களில் ஒன்று. தொழிலாளி குடும்பம் வாங்குகிற பொருள்களை உணவு, துணி, வீடு என்று வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு எடை கொடுக்கிறார்கள். 2001-ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய வரிசையில் உணவுக்கு எடை 46-க்குச் சற்று மேல். 2020-ல் வெளிவந்த, 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் அது 39.17.

இதன் பொருள் என்ன? உணவுப் பண்டங்கள் மட்டும் 10 சதவிகிதம் விலை ஏறினால், பழைய கணக்கில் குறியீட்டெண் 4.6 சதவிகிதம் ஏறியிருக்கும். புதிய கணக்கில் 3.9 சதவிகிதம்தான் ஏறும். அரிசியும் பருப்பும் எண்ணெயும் எகிறுகிற காலத்தில் பஞ்சப்படி பின்தங்கி நொண்டும்.

இதை வெறும் மோசடி என்று சொல்லிவிட்டுப் போனால் விஷயம் புரியாது. கல்வி, வைத்தியம், போக்குவரத்து ஆகியவை அடங்கிய வகையின் எடை 23-லிருந்து 30-க்கு உயர்ந்திருக்கிறது. அதாவது பள்ளிக்கூடச் சம்பளமும் ஆஸ்பத்திரிச் செலவும் தொழிலாளியின் பணத்தில் பெரும் பங்கைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. சோற்றுக்கு ஒதுக்கிய பங்கு சுருங்கியிருக்கிறது. வயிறு நிறைந்ததால் சுருங்கியதாக அதற்கு அர்த்தமில்லை. மேலும் அந்தக் கணக்கில் ரயில்வே, துறைமுகம், மின்சாரம், சுரங்கம், தோட்டம், மோட்டார் போக்குவரத்து, ஆலை என்று ஏழு துறைகளின் தொழிலாளர் குடும்பங்களையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுக்கிறார்கள். காண்டிராக்ட் முறையில் ஸ்பின்னிங்கில் நிற்கிற பெண்ணின் வீட்டில் நூறு ரூபாயில் அறுபதோ எழுபதோ அடுப்புக்குப் போகும். சராசரியில் அவள் காணாமற் போகிறாள்.

விவசாயத் தொழிலாளர்களின் கதை இன்னும் விசித்திரம். அவர்களுக்கான குறியீட்டெண் 1986-87-ஐ அடிப்படையாகக் கொண்டிருந்தது. அதன் கூடையோ 1983-ல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கைப் பார்த்து நிரப்பியது. 2025-ல்தான் 2019-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை வந்தது. நூறு நாள் வேலைக் கூலி வருஷாவருஷம் இந்த எண்ணைப் பார்த்துத்தான் மாற்றப்பட்டு வந்தது. 1983-ல் இந்த ஊரில் எத்தனை வீட்டில் மின்விளக்கு இருந்தது, பஸ் சத்தம் என்ன, பிள்ளையை வேனில் அனுப்பியவர் யார் என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கூடையைச் சுமந்துகொண்டு நாற்பது வருஷம் கூலி நடந்திருக்கிறது!

பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பது

கடைசியாகச் சில வார்த்தைகள். மதுரைக்காரர்களாகிய நமக்குப் பரோட்டா என்றால் தனிப் பிரியம். கல்லில் போட்டுத் தருகிற பரோட்டாவைச் சொல்லவில்லை. பொட்டலத்தில் விற்கிற பரோட்டாவைச் சொல்கிறோம். ரொட்டி, சப்பாத்தி என்றால் வரி 5 சதவிகிதம். பரோட்டாவோ சூடாக்கித்தான் தின்னவேண்டும், அது வேறு வகை, 18 சதவிகிதம் என்று 2020-ல் கர்நாடகத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் 5 போதும் என்றது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா ரொட்டிக்கும் வரி இல்லை என்று ஆயிற்று. ஐந்து வருஷம் படித்தவர்கள் கூடி பரோட்டா ரொட்டியா இல்லையா என்று விவாதித்தார்கள்! அரிசிக்கோ, 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை கட்டி விலாசம் ஒட்டிய பைக்கு 5 சதவிகிதம் வரி வந்தது. ஆலைக்காரர்கள் 26 கிலோ பையைக் கொண்டுவந்தார்கள். ஒன்றாக 26 கிலோ வாங்கக் காசுள்ளவருக்கு வரி இல்லை. ஐந்து கிலோப் பை வாங்குகிறவருக்கு வரி உண்டு.

பிள்ளைகளுக்கு வாங்குகிற பண்டங்களில் ஒரு எச்சரிக்கை. 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. ஆகவே அந்தத் தலைப்பில் சர்க்கரை மாவுகளை விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் இணைய வியாபாரிகளுக்கு உத்தரவு போனது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலின் பெயரை, அதாவது ஓ.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்தை, இனிப்புப் பானங்களின் மேல் போட்டு விற்றதை 2025 அக்டோபரில்தான் தடுத்தார்கள். பேதியில் துவண்ட குழந்தைக்கு மருந்து என்று நினைத்துச் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் கொடுத்த தாய்மார்கள் எத்தனை பேரோ! 'ஐஸ்கிரீம்' என்று நினைத்து வாங்குவதில் பலது 'உறைந்த இனிப்பு' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும்; அதில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய். பெரிய எழுத்தை விளம்பரக்காரன் எழுதுகிறான், சின்ன எழுத்தைச் சட்டம் எழுத வைக்கிறது. சின்ன எழுத்தைப் படியுங்கள். கண் தெரியாதவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

நம் கோரிக்கைகள் இவை. யார் யார் எந்த வகை அட்டையில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் தமிழில், ரேஷன் கடை வாசலில் ஒட்டவேண்டும். அதைக் கிராம சபையில் வாசித்து ஆட்சேபம் கேட்கவேண்டும். கொள்முதல் நிலையத்தில் ரகமும் ஈரப்பதமும் எழுதிய சீட்டை, நெல்லை ஏற்றாலும் தள்ளினாலும் விவசாயி கையில் கொடுக்கவேண்டும். குறியீட்டெண்ணுக்கு மதுரையில் எந்தெந்தக் கடையில், எந்த ரக அரிசிக்கு விலை எடுக்கிறார்கள் என்பதைத் தொழிற்சங்கங்கள் நேரில் பார்த்துச் சரிபார்க்க வழி செய்யவேண்டும்.

இதில் முதல் வேலையை இன்றே ஆரம்பிக்கலாம். அட்டை கொண்டுவரச் சொல்லி நோட்டீசில் போட்டிருந்தோம். கூட்டம் முடிந்தவுடன் அய்யனார் கோயில் தாமரைக் குளத்துப் படியருகே இரண்டு மேஜை போட்டுத் தோழர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அட்டையில் என்ன எழுத்து இருக்கிறது, வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, எந்தப் பிள்ளையின் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். மனுக்களைத் திங்கட்கிழமை காலையில் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு எல்லோரும் சேர்ந்து கொண்டுபோகிறோம். ரேகை வைக்கத் தயங்குகிற பெரியவர்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லித் தரவும் மேஜையில் ஆள் இருக்கிறது. வெயில் ஏறுமுன் தாய்மார்கள் முதலில் வரட்டும்.